ஆச்சி கேட்ட ஒன்பதாவது கன்று

நேயர்களுக்கு வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கம் ரொம்ப காலம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். பெருக்கல், வகுத்தல் என்றால் மளமளவென்று போட்டுவிடும் பிள்ளைகள், வாக்கியக் கணக்கு என்றதும் பேனா மூடியைக் கடிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

ஒரு நாள் அணை நிலவரத்தையே கணக்காக்கிக் கரும்பலகையில் எழுதினேன். பாபநாசம் அணைக்கு விநாடிக்கு 1,000 கன அடி தண்ணீர் வருகிறது, 800 கன அடி வெளியேறுகிறது, ஒரு நாளில் எவ்வளவு சேரும்? ஒரு பையன் சட்டென்று எழுந்து, "200 அடி ஏறும் சார்" என்றான். அந்த அணையின் முழு நீர்மட்டமே 143 அடிதான்!

அவன் கழித்ததில் தப்பில்லை. 'விநாடிக்கு' என்பதையும் 'கன' என்பதையும் தாண்டிக் குதித்துவிட்டான். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஓரடி உள்ள தொட்டியில் பிடிக்கிற தண்ணீர்தான் ஒரு கன அடி. சுமார் 28 லிட்டர். அப்படி விநாடிக்கு 200 தொட்டி. ஒரு நாளைக்கு 86,400 விநாடி. பெருக்கினால் 1,72,80,000 கன அடி. அது எத்தனை அடி ஏறும் என்பது வேறு கணக்கு. மேலே போகப் போக அணை அகலும், மட்டம் ஏறுவது மெதுவாகும்.

'மொத்தம்' என்றால் கூட்டு, 'மீதி' என்றால் கழி என்று சிலர் சொல்லிக் கொடுக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே கிடையாது. 30 கருப்பட்டி விற்றது போக மீதி 12 இருக்கிறது, முதலில் எத்தனை இருந்தது? 'மீதி' வருகிறதே என்று கழித்தால் 18. கூட்டினால்தானே 42 வரும்?

இதை எனக்கு முதலில் புரியவைத்தது எங்கள் ஆச்சி. 200 அடி வரப்பு, 25 அடிக்கு ஒரு தென்னை. நான் வகுத்துப் பார்த்து எட்டுக் கன்று வாங்கி வந்தேன். வரப்பின் கடைசியில் நின்றுகொண்டு, "ஏல, இந்தக் குழிக்குக் கன்னு எங்கல?" என்றாள். இடைவெளி எட்டு, கன்று ஒன்பது! அதுவே வட்டக் கிணற்றைச் சுற்றி நடுவதாக இருந்தால் எட்டே போதும். எண்கள் அதே எண்கள்தான், இடம்தான் வேறு.

அதனால், பிள்ளை திணறினால் உடனே வழியைச் சொல்லிவிடாதீர்கள். புத்தகத்தை மூடச் சொல்லி, என்ன நடக்கிறது என்று கதையாகக் கேளுங்கள். அப்புறம் விடை குத்துமதிப்பாக எவ்வளவு இருக்கும் என்று கேளுங்கள். பேனா அதற்குப் பிறகு போதும்.

சரி, மாணவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு குளத்தில் 25,92,000 கன அடி தண்ணீர் பிடிக்கும். இப்போது வறண்டு கிடக்கிறது. கால்வாயில் விநாடிக்கு 10 கன அடி வருகிறது, மடையில் 4 கன அடி போகிறது. வெயிலில் வற்றுவதை விட்டுவிடுங்கள். குளம் நிரம்ப எத்தனை நாள் ஆகும்? பெரியவர்கள் விடையைச் சொல்லிவிட வேண்டாம். வணக்கம்.