எல்டொராடோ வாங்கும் முன்

நேயர்களுக்கு வணக்கம்.

1953-இல் தொடங்கிய கேடிலாக் எல்டொராடோ 2002-இல் நின்றுபோனது. 1992 முதல் வந்த அதன் கடைசித் தலைமுறை, நீண்ட இரண்டு கதவு கார், இப்போதுதான் பழைய கார் பிரியர்களின் கண்ணில் படுகிறது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் 25 வயது கடந்த காருக்குத் தனி எண்பலகையும் கிடைக்கும். வாங்க நினைப்பவர்கள் பெயின்டின் பளபளப்பையும் ஓடிய மைலையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எஞ்சின் சிலிண்டர்களின் மேல்மூடிகளான இரண்டு சிலிண்டர் ஹெட்டுகளைப் பிடித்திருக்கும் இருபது போல்ட்டுகளைப் பற்றி முதலில் விசாரியுங்கள். இந்தக் காரின் உண்மையான விலை அங்கேதான் இருக்கிறது.

எல்டொராடோவில் 1993 மாடலில் வந்தது நார்த்ஸ்டார் எஞ்சின். 4.6 லிட்டர், எட்டு சிலிண்டர், 32 வால்வு. ஓட்டுவதற்கு அருமையான எஞ்சின், அதில் சந்தேகமே வேண்டாம். சிலிண்டர்கள் அமைந்த அதன் அடிக்கட்டை, அதாவது பிளாக், அலுமினியம். ஒரு ஹெட்டுக்குப் பத்து வீதம் 11 மில்லிமீட்டர் போல்ட்டுகள். மரை மிக நெருக்கமானது. ஆண்டுக்கணக்கில் சூடாகிக் குளிர்ந்து, மாற்றாமல் விட்ட கூலன்ட்டின் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தின்) அரிப்பும் சேர்ந்தால், பிளாக்கிலுள்ள மரை பிய்ந்துவிடும். போல்ட்டின் பிடி தளர்ந்ததும், ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட் கசியும். எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் புகும். 2000 மாடலில் எஞ்சினைத் திருத்தி அமைத்தார்கள். அதன் பிறகு தொல்லை குறைந்தது, அடியோடு ஒழியவில்லை.

இந்தக் கோளாறு ஊருக்குள் ஓட்டும்போது தெரியாது. நெடுஞ்சாலையில் மேடு ஏறும்போதுதான் சூடு கூடும். அதனால் விற்பவர் வீட்டைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டிப் பார்த்தால் போதாது. எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது போய் நில்லுங்கள். கூலன்ட் தொட்டியின் அளவைப் பார்த்து, மூடியை இறுக்கி, எஞ்சினை ஓடவிட்டு ரேடியேட்டரின் மேல் குழாயைப் பிடித்துப் பாருங்கள். எஞ்சின் சூடாகும் முன்பே குழாய் கல்லுப்போல் இறுகினால் அது வாயுவின் அழுத்தம்தான். பிறகு நெடுஞ்சாலையில் நன்றாக விரட்டி ஓட்டிவிட்டு வந்து, மெக்கானிக்கை வைத்து, எரிந்த வாயு கூலன்ட்டில் கசிகிறதா என்று சோதனை செய்யுங்கள். தொட்டிக்கு மேல் பிடிக்கும் நீலத் திரவம் மஞ்சளாக மாறினால் கேஸ்கெட் போயிற்று. எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு மட்டும் இந்தச் சோதனையைச் செய்தால் பல நேரம் ஏமாந்துபோவோம்.

சூடேறும் ஒவ்வொரு காரும் கெட்ட கார் என்றும் முடிவுகட்டிவிட வேண்டாம். எஞ்சினிலிருந்து தொட்டியின் மேல்பக்கத்துக்கு ஒரு மெல்லிய குழாய் வருகிறது. அது அடைத்துக்கொண்டால் காற்று உள்ளேயே சிக்கி, சூடு ஏறும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து ஓடவிட்டால், அந்தக் குழாய் வழியாகக் கூலன்ட் ஒழுகுவது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அடைப்பை நீக்கிவிட்டு மறுபடி சோதியுங்கள். தொட்டியில் தெரியும் பழுப்புத் துகள்களும் மோசடிக்குச் சான்று ஆகா. கசிவடைக்கும் மாத்திரையைக் கம்பெனியே போட்டுத்தான் அனுப்பியது.

இன்னொரு வசதி இருக்கிறது. சாவியைத் திருப்பி, எஞ்சினை ஓட்டாமல், ஏசி பலகையில் 'ஆஃப்', 'வார்மர்' இரண்டையும் ஒருசேர அழுத்திப் பிடித்தால், காரில் பதிவான கோளாறுக் குறியீடுகள் திரையில் வரும். குறியீடு எதுவுமே இல்லாத பழைய காரைக் கண்டால், அண்மையில் யாராவது அழித்தார்களா என்று கேளுங்கள்.

சேசிஸ் எண்ணின் எட்டாவது எழுத்து 9 என்றால் எல்டொராடோவின் வேக வகையான டூரிங் கூபேயின் எஞ்சின்: தொடக்கத்தில் 295 குதிரைத்திறன், 1995 முதல் 300. 'ஒய்' என்றால் சாதாரண நார்த்ஸ்டார், 270 அல்லது 275. சேகரிப்பாளர்கள் தேடப்போவது 9-ஐத்தான் என்பது என் கணிப்பு. 'பி' என்றால் பழைய 4.9 லிட்டர், 200 குதிரைத்திறன். வேகம் குறைவு, ஹெட் போல்ட் கவலையும் குறைவு.

எஞ்சினின் அடிப்பகுதி இணையும் இடத்தில் எண்ணெய் கசிவது பெரும்பாலான நார்த்ஸ்டாரில் உண்டு. சொட்டுச் சொட்டாக இருந்தால் விட்டுவிடலாம். அதைச் சரிசெய்ய எஞ்சினையே இறக்கிப் பிரிக்க வேண்டும். ஏழரை குவார்ட் (சுமார் ஏழு லிட்டர்) எண்ணெய் பிடிக்கும் எஞ்சின் என்பதால், அளவை மட்டும் அடிக்கடி பார்த்துக்கொண்டால் போதும். மின்னணு ஷாக் அப்சார்பர்கள் விலை அதிகம். பலர் சாதாரணமானதை மாட்டியிருப்பார்கள். அப்படியிருந்தால் அதைச் சொல்லி விலையைக் குறையுங்கள்.

ஹெட் வேலை முடிந்துவிட்டது என்று விற்பவர் சொன்னால் ரசீதைக் கேளுங்கள். எஞ்சினை அடிவழியாக இறக்கி, இருபது துளைகளையும் குடைந்து, எஃகு மரைக்கூடு (புது மரை கொண்ட குழல்) அல்லது பெரிய ஸ்டட் (தலையில்லாத மரைத்தண்டு) பொருத்தியதாக அதில் இருக்க வேண்டும். கேஸ்கெட்டை மட்டும் மாற்றியிருந்தாலும், பிய்ந்த இரண்டு மூன்று துளைகளை மட்டும் சரிசெய்திருந்தாலும் மிச்சமுள்ள மரைகள் பின்னாளில் பிய்ந்துபோகும். போல்ட்டுகளும் புதியவையாக இருக்க வேண்டும். ஒருமுறை இறுக்கியதை மறுபடி போடக் கூடாது. ரசீது இல்லையென்றால், அந்த வேலைக்கு ஒரு பட்டறையில் முன்கூட்டியே மதிப்பீடு வாங்கி, அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள். பெரும்பாலும் அது காரின் விலையையே தாண்டியிருக்கும்.