கதவைத் தட்டும் பிரிஜித்: வீட்டில் இம்போல்க் சடங்கு

[காட்சி: இருட்டு. மூடிய மரக்கதவு. மூன்று முறை தட்டும் ஓசை.]

"மண்டியிடுங்கள், கண்களைத் திறங்கள், பிரிஜித்தை உள்ளே விடுங்கள்!"

வெளியே குளிரில், கை நிறையப் பச்சைப் புல்லை அணைத்துக்கொண்டு ஒரு சிறுமி இப்படிக் கூப்பிடுகிறாள். உள்ளே அடுப்பைச் சுற்றி மண்டியிட்டிருக்கும் குடும்பம், "வரட்டும், வரட்டும், அவளுக்கு நல்வரவு" என்று ஐரிஷ் மொழியில் பதில் சொல்கிறது. கதவு திறக்கிறது. குளிர்காற்றோடு சிறுமி உள்ளே வருகிறாள். அந்த வீட்டுக்கு வசந்தம் வந்துவிட்டது.

அயர்லாந்தின் வடக்குப் பகுதிக் கிராமங்களில் ஜனவரி 31 இரவு நடந்த வழக்கம் இது. இன்று தங்களைப் பேகன் என்று சொல்லிக்கொள்பவர்கள், அதாவது கிறித்தவத்துக்கு முந்தைய ஐரோப்பியத் தெய்வங்களை மறுபடி வணங்குகிறவர்கள், இதே வழக்கத்தைத் தங்கள் அடுக்குமாடி வீடுகளிலும் செய்கிறார்கள். விழாவின் பெயர் இம்போல்க். இதை வீட்டில் எப்படிச் செய்கிறார்கள், ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்பதை இந்த வீடியோவில் பார்ப்போம்.

[காட்சி: பனி படிந்த மேய்ச்சல் நிலம். ஆட்டுக்குட்டி ஒன்று தாயிடம் முட்டிப் பால் குடிக்கிறது.]

முதலில் தேதி. பிப்ரவரி 1 என்றதும் "அங்கே இன்னும் குளிர்காலம்தானே?" என்று கேட்கத் தோன்றும். குளிர்காலம்தான். ஆனால் ஒன்று மாறியிருக்கும். டிசம்பர் 21 அன்று டப்ளினில் பகல் சுமார் ஏழரை மணி நேரம். பிப்ரவரி 1க்குள் அது ஒன்பது மணி நேரத்தை நெருங்கிவிடும். மாலை நாலு மணிக்கே விளக்குப் போட்டுக்கொண்டிருந்தவர்கள், ஐந்து மணிக்கு ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் இருப்பதைக் கவனிக்கும் நாட்கள் இவை. ஆண்டின் மிகக் குறுகிய பகலுக்கும், பகலும் இரவும் சமமாகும் வசந்த நாளுக்கும் ஏறக்குறைய நடுவில் வருகிற நாள் இது.

இன்னொரு மாற்றம் கொட்டகையில். சினை ஆடுகளுக்கு மடி இறங்கத் தொடங்கும். கேஷல் நகரத்து அரசரும் ஆயருமான கோர்மாக்கின் பெயரால் வழங்கும், சுமார் 900ஆம் ஆண்டைச் சேர்ந்த சொல்லகராதி ஒன்று இந்த நாளை 'ஓய்மெல்க்' என்கிறது. ஆட்டுப்பால் வரும் காலம் என்று அதற்கு விளக்கமும் தருகிறது. இம்போல்க் என்ற பெயருக்கு 'வயிற்றுக்குள்' என்று பொருள் சொல்பவர்களும் உண்டு. பிறக்கப்போவது இன்னும் வயிற்றில் இருக்கிறது. மாதக்கணக்கில் கறவை வற்றிக் கிடந்த வீட்டில் முதல் சொட்டுப் பாலைப் பார்ப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு இந்த விழா பிடித்துப்போனதற்குக் காரணமே இதுதான். பூத்துக் குலுங்கிய பிறகு கொண்டாடுவது சுலபம். இவர்கள் அறிகுறி தெரிந்த அன்றே கொண்டாடுகிறார்கள்.

சரி, யார் இந்த பிரிஜித்?

அதே சொல்லகராதி அவளைத் தக்தா என்ற தெய்வத்தின் மகள் என்கிறது. புலவர்கள் வணங்கிய தெய்வம் அவள். அவளுக்கு இரண்டு சகோதரிகள், இருவர் பெயரும் பிரிஜித்தான். ஒருத்தி மருத்துவம் பார்ப்பவள், மற்றவள் கொல்லுப்பட்டறைக்கு உரியவள். பாட்டு, மருந்து, நெருப்பு மூன்றும் ஒரே பெயரில். கிறித்தவம் வந்த பிறகு, கில்டேர் ஊரில் மடம் நிறுவிய புனித பிரிஜித்தின் திருநாளும் இதே பிப்ரவரி 1 ஆனது. கில்டேர் என்றால் ஓக் மரத்துக் கோயில் என்று அர்த்தம். அங்கே 19 கன்னியர் ஆளுக்கு ஓர் இரவு முறைவைத்து அணையா நெருப்பைக் காத்தார்கள் என்றும், இருபதாம் இரவு பிரிஜித்தே வந்து பார்த்துக்கொள்வாள் என்று விட்டுவிடுவார்கள் என்றும் 12ஆம் நூற்றாண்டில் அங்கே போன ஜெரால்ட் என்ற வேல்ஸ் நாட்டுப் பாதிரியார் எழுதி வைத்திருக்கிறார். எத்தனையோ விறகு எரித்தும் சாம்பல் பெருகவில்லையாம். காலப்போக்கில் அணைந்துபோன அந்த நெருப்பை, 1993இல் கில்டேர் சந்தைத் திடலில் பிரிஜித் சபைக் கன்னியர் மறுபடி ஏற்றினார்கள்.

தெய்வம் எங்கே முடிகிறாள், புனிதர் எங்கே தொடங்குகிறார் என்று கோடு போட முயன்ற ஆய்வாளர்கள் பலர். அந்த வீடுகளில் இருந்தவர்களுக்குக் கோடு தேவைப்படவில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். "ஐயாயிரம் ஆண்டுகளாக மாறாத சடங்கு" என்று இணையத்தில் நிறையப் பேர் சொல்வார்கள். அப்படி இல்லை. கிறித்தவத்துக்கு முன் இம்போல்க் அன்று மக்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு எழுத்துச் சான்று எதுவும் இல்லை. இன்று பேகன்கள் செய்வதில் பெரும்பகுதி, ஐரிஷ், ஸ்காட்லாந்துக் கத்தோலிக்கக் குடியானவர் வீடுகளில், அதிலும் பெண்கள் கையில், பத்திரமாக இருந்து வந்தது. ஆண்டுக்கு எட்டு விழா என்று பேகன்கள் வைத்திருக்கும் சக்கரமோ 1950களில் இங்கிலாந்தில் உருவானது. இதைத் தெரிந்துகொண்டு செய்தால் சடங்கின் மதிப்பு குறையாது. யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்பது தெளிவாகும்.

[காட்சி: வீட்டைப் பெருக்கும் கைகள். சமையல் மேடையில் வெண்ணெய், ரொட்டி, ஒரு குவளைப் பால்.]

இப்போது வீட்டுக்குள் வருவோம். பூசாரி வேண்டாம், தனிப் பீடம் கட்டாயமில்லை. விருந்தாளி வரப்போகும் வீட்டில் என்ன செய்வோமோ அதைத்தான் செய்கிறார்கள். ஜனவரி 31 பகலில் வீட்டைப் பெருக்கித் துடைத்து, பழைய குப்பையை வெளியே போடுகிறார்கள். பொழுது சாயும்போது ஒரு துணியை, கைக்குட்டை அளவு இருந்தாலும் போதும், ஜன்னலுக்கு வெளியே அல்லது செடி மேல் போட்டுவைக்கிறார்கள். இதற்கு 'பிரிஜித்தின் போர்வை' என்று பெயர். இரவில் அவள் அந்த வழியே போகும்போது தொட்டு ஆசீர்வதிப்பாள் என்பது நம்பிக்கை. தலைவலிக்கும் பிரசவ வலிக்கும் இந்தத் துணியை எடுத்துக் கட்டியிருக்கிறார்கள்.

அப்புறம் கதவு. ஒருவர் புல்கட்டோடு வெளியே போகிறார். வலமாக வீட்டைச் சுற்றி வந்து, தட்டி, ஆரம்பத்தில் கேட்ட வரிகளைச் சொல்கிறார். அடுக்குமாடியில் வீட்டைச் சுற்ற முடியாது, படிக்கட்டில் நின்று தட்டினாலும் ஆயிற்று. தனியாக இருப்பவர்கள் என்ன செய்வது? ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் இருந்த வழக்கம் அவர்களுக்குப் பொருந்தும். அங்கே பெண்கள் கதிர்த்தாளில் ஒரு பொம்மை செய்து, தொட்டில் போன்ற கூடையில் படுக்கை போடுவார்கள். பிறகு ஒருத்தி வாசலுக்குப் போய், இரண்டு கைகளையும் நிலைக்காலில் ஊன்றி, இருட்டைப் பார்த்து மெல்லிய குரலில் "படுக்கை தயார்" என்பாள். அடுப்புச் சாம்பலைச் சமமாகத் தடவிவிட்டுத் தூங்கப் போவார்கள். காலையில் அதில் சின்னத் தடம் ஏதாவது இருக்கிறதா என்று குனிந்து தேடுவார்கள். இருந்தால் அந்த ஆண்டு முழுக்க நிம்மதி.

[காட்சி: மேசை மேல் புல்கட்டு. நெருக்கக் காட்சி: இரண்டு கைகள்.]

வந்தாயிற்று. கொண்டுவந்த புல்லை மேசைக்கு அடியில் வைத்துவிட்டு எல்லோரும் சாப்பிடுகிறார்கள். மசித்த உருளைக்கிழங்கின் நடுவே குழி பண்ணி, அதில் வெண்ணெய் உருகி நிற்கும். வெண்ணெய் இல்லாத இம்போல்க் கிடையாது. சாப்பிட்ட பிறகுதான் அந்தப் புல்லால் சிலுவை பின்னும் வேலை.

இந்தப் புல்லின் பெயர் ரஷ். ஈர நிலத்தில் வளரும், பார்த்தால் நம் பாய்க்கோரை மாதிரி இருக்கும். அறுக்கக் கூடாது, வேரோரமாகப் பிடித்து இழுக்க வேண்டும் என்பது வழக்கம். கிடைக்காதவர்கள் வைக்கோலிலோ காகித உறிஞ்சுகுழலிலோ பின்னுகிறார்கள். பின்னுவதைக் கவனியுங்கள். ஒரு தண்டை நெட்டாகப் பிடியுங்கள். இரண்டாவது தண்டைப் பாதியாக மடித்து, முதல் தண்டின் நடுவில் மாட்டுங்கள், நுனிகள் வலப்பக்கம் பார்க்கட்டும். இப்போது முழுவதையும் இடஞ்சுழியாகக் கால் சுற்றுத் திருப்புங்கள். வலது பக்கம் இருந்த நுனிகள் மேலே வந்துவிட்டன, இல்லையா? மூன்றாவது தண்டை மடித்து அந்த நுனிகளுக்குக் குறுக்கே மாட்டுங்கள், மறுபடி வலப்பக்கம். மறுபடி கால் சுற்று. மடி, மாட்டு, திருப்பு. பெருவிரல் மட்டும் நடுவை விட்டு எழவே கூடாது, எழுந்தால் எல்லாம் அவிழ்ந்துவிடும். பத்துப் பன்னிரண்டு தண்டு சேர்ந்ததும் நடுவில் ஒரு சதுரம் முடைந்தது போல எழும்பி வரும். நாலு கைகளின் நுனியையும் நூலால் கட்டி, ஓரத்தைக் கத்தரித்துவிடுங்கள். பச்சைப் புல்லின் ஈர வாசனை கையில் மறுநாள் வரை இருக்கும்.

இதைக் கதவுக்கு மேலே மாட்டுகிறார்கள். வீட்டைத் தீயிலிருந்து காக்கும் என்பார்கள். கூரையெல்லாம் தாளால் வேய்ந்த காலத்தில் அது சின்ன விஷயமா? சில வீடுகளில் பழையதை எடுக்காமல் ஆண்டுக்கு ஒன்றாக உத்தரத்தில் செருகிக்கொண்டே போனார்கள்.

கடைசியாக விளக்கு. இன்றைய பேகன்கள் மெழுகுவர்த்தி ஏற்றி, பாலும் ரொட்டியும் படைத்து, ஒரு கவிதை வாசிக்கிறார்கள், புலவர்களின் தெய்வம் ஆயிற்றே. திரைச்சீலையும் வைக்கோலும் பக்கத்தில் இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் இரவு படுக்கும் முன் கணப்பில் தணலைச் சாம்பலால் மூடி, பிரிஜித் பெயரையும் மரியாள் பெயரையும் சொல்லி வேண்டுவார்கள். நீறு பூத்த நெருப்பு விடியும்வரை உயிரோடு இருக்கும்.

ஆஸ்திரேலியாவில் இருக்கும் பேகன்களில் பலர் இதை ஆகஸ்ட் 1 அன்று செய்கிறார்கள், அங்கே பகல் நீண்டுவருவது கண்ணுக்குத் தெரிவது அப்போதுதான். அயர்லாந்தில் 2023 முதல் புனித பிரிஜித் நாள் பொது விடுமுறை. ஒரு பெண்ணின் பெயரால் அந்த நாட்டுக்குக் கிடைத்த முதல் பொது விடுமுறை அது.

[காட்சி: பிப்ரவரி 1, காலை எட்டேகால். சாம்பல் நிற வெளிச்சம். ஜன்னல் திறக்கிறது.]

காலையில் எழுந்ததும் முதல் வேலை, வெளியே போட்ட துணியை எடுப்பது. பனியில் விறைத்துப்போயிருக்கும். அடுப்புக்குப் பக்கத்தில் காய வைத்து, மடித்து, யாருக்காவது தலைவலி வரும்வரை அலமாரியில் வைத்துவிடுகிறார்கள்.