பாதி பொய், பாதி நிஜம்: மனாஸ் பாடுறவங்க கதை

வணக்கம் நேயர்களே. எனக்குக் குடுத்திருக்கிற நேரம் பத்து பன்னெண்டு நிமிஷம்தான், ஆனா நான் பேச வந்திருக்கிறது மனாஸ்ங்கிற கிர்கிஸ் காவியத்தை ராத்திரி பூரா பாடியும் விடியும்போது பார்த்தா ஹீரோ இன்னும் குதிரையிலயே ஏறலங்கிற மாதிரி ஆளுங்களைப் பத்தி, அதனால கொஞ்சம் வேகமாவே போயிடுவோம்.

நம்ம பக்கத்துல இருந்து எம்பிபிஎஸ் படிக்க கிர்கிஸ்தான் போற பசங்க நிறைய பேர் இருக்காங்க இல்லையா, அவங்க தலைநகர் பிஷ்கெக்ல போய் இறங்குற ஏர்போர்ட்டோட பேரே மனாஸ்தான். ஊருக்கு நடுவுல அலா-தோ சதுக்கத்துல குதிரை மேல பெரிய சிலை, அதுவும் மனாஸ். சரி, அவரு காவிய நாயகன், சிலை வைக்கிறாங்க, அதுல ஆச்சரியம் ஒண்ணும் இல்ல. ஆனா அங்க 500 சோம் நோட்டுல ஒரு தாத்தா படம் இருக்கும், அவரு ராஜா இல்ல, மந்திரி இல்ல, அந்த மனாஸ் கதையை வாயால பாடினவரு. சயாக்பாய் கராலயேவ்னு பேரு, 1894ல பொறந்து 1971ல இறந்தவரு. கதை பாடுறவரு முகத்தை கரன்சில போடுற அளவுக்கு ஒரு ஊருக்கு அந்தக் கதை மேல என்ன பிடிப்புன்னு எனக்கு முதல்ல ஆர்வம் வந்ததே அந்த நோட்டைப் பார்த்துதான்.

கதை என்னன்னு சுருக்கமா சொல்லிடறேன். ஜாக்கிப்னு ஒரு பணக்காரரு, வயசாகியும் பிள்ளை இல்ல. கடைசியா பொறக்குற பையன் உள்ளங்கையில ரத்தக்கட்டியை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே பொறக்குறான், அவன்தான் மனாஸ். எதிரிங்க விரட்டியடிச்சு திசைக்கு ஒண்ணா சிதறிக் கிடந்த கிர்கிஸ் கூட்டங்களை ஒண்ணு சேர்த்து, அல்தாய் மலைப்பக்கம் இருந்து தலாஸ் பள்ளத்தாக்குக்குக் கூட்டிட்டு வர்றான், கூடவே நாப்பது தோழர்கள், அக்-குலான்னு ஒரு குதிரை. எதிரி பக்கத்துல இருந்து வந்து சேர்ந்த அல்மாம்பெத்துதான் உயிருக்கு உயிரான நண்பன். பெய்ஜிங் மேல படையெடுத்துப் போறாங்க, அதுல பாதிப் பேருக்கு மேல செத்துப்போயிடறாங்க, மனாசும் காயம் பட்டுத் திரும்பி வந்து இறந்துபோறான். அப்புறம் மகன் செமெதெய் கதை, அப்புறம் பேரன் செய்தெக் கதை. மூணு தலைமுறை, மூணு பாகம். எனக்கு இதுல பிடிச்சது மனாஸ் இல்ல, அவன் மனைவி கனிகெய். புகாரா ராஜா பொண்ணு. கல்யாணத்துக்கு முன்னாடி அனுமதி இல்லாம ராத்திரியில அறைக்குள்ள வந்த மனாசையே கத்தியால குத்தின பொண்ணு அது.

இதைப் பாடுறவங்களுக்குத்தான் மனாஸ்சின்னு பேரு. துருக்கிய இனங்கள்ல கதை பாடுறவங்க கையில பொதுவா ஏதாவது ஒரு வாத்தியம் இருக்கும், கஜக்குங்ககிட்ட தோம்ப்ரா, கிர்கிஸ்லயே அக்கின்னு சொல்ற கவிஞர்கள்கிட்ட மூணு தந்தி கோமுஸ். மனாஸ்சிக்கு எதுவும் கிடையாது. சம்மணம் போட்டு உக்காந்தா குரலும் ரெண்டு கையும் மட்டும்தான். ஒரு வரிக்கு ஏழு இல்ல எட்டு அசை, சண்டை வந்தா ஒரு மெட்டுல குதிரை வேகத்துல ஓடும், அழுகை வந்தா மெட்டு மாறி இழுத்து இழுத்து போகும். வரிக்கு வரி முதல் எழுத்து ஒத்து வரும், நம்ம மோனை மாதிரியேதான், ஆனா இங்க ஒரே அடிக்குள்ள வர்றதை விட அடுத்தடுத்த வரித் தொடக்கத்துல அடுக்கி அடுக்கி வரும். ஆரம்பிக்கும்போது வழக்கமா சொல்ற வரிகள் இருக்கு, "ஜாரிமி தோகுன், ஜாரிமி சின்" அப்படின்னு. பாதி பொய், பாதி நிஜம், எல்லாம் கூடியிருக்கிற ஜனங்க மனசுக்காக, பக்கத்துல நின்னு பார்த்தவன் எவனும் இல்ல, அதனால பொய்யைப் பத்திக் கவலை எதுக்குன்னு போகும். எவ்வளவு தைரியம் பாருங்க, கதையை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே பொய்யுன்னு சொல்லிட்டு ஆரம்பிக்கிறாங்க.

எப்படி மனாஸ்சி ஆனீங்கன்னு கேட்டா பெரும்பாலும் எல்லாரும் ஒரே மாதிரி பதில்தான் சொல்வாங்க, கனவுல மனாஸ் வந்தாரு, இல்ல அவரோட தோழர்கள் வந்தாங்க, பாடுன்னு சொன்னாங்க, பாடலன்னா நோய் வரும்னு மிரட்டினாங்க. சயாக்பாயும் அப்படித்தான் சொன்னாரு. அதே சயாக்பாய்க்குச் சின்ன வயசுல தாகிஷ்னு ஒரு பாட்டி இருந்தாங்க, மனாஸ் கதையா சொல்லி வளர்த்தவங்க. நான் கனவைப் பொய்யுன்னு சொல்ல வரல, வருஷக்கணக்கா காதுல ஏறின கதை ஒரு நாள் தலைக்குள்ள தானா ஓட ஆரம்பிக்கிறப்போ அது கனவா வர்றதுல என்ன ஆச்சரியம்? ஆனா பாட்டியை விட்டுட்டு கனவை மட்டும் சொல்ற பழக்கம் பத்திரிகைக்காரங்களுக்கு இருக்கு, அதுதான் எனக்கு உறுத்துது.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். சயாக்பாய் பாடினதை எழுதி எடுத்தப்போ அஞ்சு லட்சம் வரி வந்துச்சு, அவ்வளவையும் ஒரு மனுஷன் எப்படி மனப்பாடம் பண்ணினான்னு எல்லாரும் வாயைப் பொளக்குறாங்க. மனாஸ்சிங்க பெரும்பாலும் மனப்பாடமே பண்ணலங்க. 1860கள்ல ரத்லோவ்னு ஜெர்மனில பொறந்த ஒரு மொழி ஆராய்ச்சியாளர் ரஷ்ய அரசாங்க வேலையில இருந்தாரு, அவரு கிர்கிஸ் கூட்டங்களுக்குள்ள போய் பாடச் சொல்லி உக்காந்து எழுதினாரு. 1885ல அதை அச்சு போட்டப்போ முன்னுரையில தெளிவா எழுதிட்டாரு: பாடகர்கிட்ட இருக்கிறது ரெடிமேடா சில துண்டுகள். வீரன் பொறக்குறது, ஆயுதம் மாட்டுறது, குதிரையோட அழகு, மணப்பொண்ணோட அழகு, சண்டை, விருந்து, சாவு. இதுகளை எந்த வரிசையில கோக்கணும், எதை நீட்டணும், எதைச் சுருக்கணும்னு அந்த நேரத்துல அந்தக் கூட்டத்தோட முகத்தைப் பார்த்து முடிவு பண்றாங்க. பணக்காரங்க உக்காந்திருந்தா அவங்க வம்சத்தைப் புகழ்ந்து நாலு வரி நைசா நுழையும், ஏழைங்க மட்டும் இருந்தா பணக்காரங்களைக் குத்தி நாலு வரி. ரத்லோவுக்கே இது நடந்துச்சு. அவரு ரஷ்ய அதிகாரின்னு நினைச்சுக்கிட்டு, பாடினவரு மனாசை ஜார் மன்னரோட நண்பனாவே ஆக்கிட்டாரு! காவியத்துக்குள்ள ஜார் எங்க இருந்து வந்தாருன்னு கேக்காதீங்க, எதிர்ல உக்காந்திருந்த ஆளு மூலமாத்தான் வந்தாரு. பின்னாடி 1930கள்ல மில்மன் பேரின்னு ஒரு அமெரிக்க அறிஞர் கிரேக்கக் கவி ஹோமரோட காவியங்களும் இப்படி வாய்வழியாத்தான் உருவாகியிருக்கும்னு சொன்னப்போ இந்த ரத்லோவோட குறிப்புகளையும்தான் ஆதாரமா எடுத்துக்கிட்டாரு. கிரேக்க இலக்கிய ஆராய்ச்சியையே புரட்டிப் போட்ட விஷயத்துல பேரு கூட பதிவாகாத கிர்கிஸ் பாடகர்களுக்கு ஒரு பங்கு இருக்கு.

ஒரு உதாரணம் சொன்னாத்தான் இது புரியும். கோகோதோய்னு ஒரு வயசான கான், அதாவது கூட்டத் தலைவர், இறந்துபோறாரு, அவருக்கு நினைவு விருந்து. குதிரைப் பந்தயம், மல்யுத்தம், நாலா திசையில இருந்தும் ஜனம். எதிரி பக்கத்துல ஜோலோய்னு ஒரு ராட்சசன் மல்யுத்தத்துக்கு வந்து நிக்கிறான், கிர்கிஸ் பக்கம் எவனும் எழுந்திரிக்க மாட்டேங்குறான், கடைசியா கோஷோய்னு ஒரு கிழவரு சரி நான் போறேங்கிறாரு. ஆனா பிரச்சனை என்னன்னா மல்யுத்தம் போட தோல் கால்சட்டை வேணும், ஆளாளுக்குக் கொண்டு வந்து குடுக்கிறாங்க, எதுவும் அந்தக் கிழவரு தொடைக்குள்ள ஏற மாட்டேங்குது. கடைசியில கனிகெய் தைச்சு வச்சிருந்தது ஒண்ணுதான் சரியா பொருந்துது. சந்தோஷத்துல கிழவரு கையை விரிச்சு, பிள்ளை இல்லாம இருக்கிற இந்தப் பொண்ணுக்கு ஒரு மகன் பொறக்கட்டும்னு துவா பண்றாரு. அப்படித்தான் செமெதெய் பொறக்கப் போறான், அதாவது ரெண்டாம் பாகமே ஒரு கால்சட்டையில இருந்து ஆரம்பிக்குது! இந்த இடத்தை ஒருத்தர் பத்து வரியில முடிச்சிடலாம், இன்னொருத்தர் தோலை எப்படிப் பதப்படுத்தினாங்க, எந்த நூல்ல தைச்சாங்கன்னு ஒரு மணி நேரம் ஓட்டலாம். ரெண்டுமே மனாஸ்தான்.

அதனாலதான் உலகத்திலேயே பெரிய காவியம், ஹோமரோட இலியட், ஒடிசி ரெண்டையும் சேர்த்தா கூட அதை விட இருபது மடங்குன்னு பெருமை பேசுறது எனக்கு அவ்வளவா ஒட்டல. இதே கோகோதோய் விருந்தை 1856ல சோகான் வலிகானோவ்ங்கிற கஜக் அதிகாரி எழுதி எடுத்தப்போ மூவாயிரத்துச் சொச்சம் வரிதான். 1922ல இருந்து 1926 வரைக்கும் சகிம்பாய் ஒரோஸ்பாகோவ்னு ஒரு பெரிய மனாஸ்சியைப் பாடச் சொல்லி எழுதினாங்க, 1,80,000 வரி வந்துச்சு, அதுவும் முதல் பாகம் மட்டும். கூட்டத்துக்குப் பாடாம பேனா வச்சிருக்கிற ஒருத்தருக்காக வருஷக்கணக்கா பாடினா அப்படித்தான் நீளும். கடைசியில சகிம்பாய்க்கு உடம்பு முடியாமப் போச்சு, செமெதெய் கதையை அவர்கிட்ட இருந்து எழுதி எடுக்கவே முடியல. 1930ல இறந்துட்டாரு. அப்புறம் வந்த சயாக்பாய்கிட்ட மூணு பாகமும் சேர்த்து எடுத்ததுதான் அந்த அஞ்சு லட்சம். எண்ணிக்கை நிஜம்தான், ஆனா அது ஒரு ஆளு பாடினதோட கணக்கு, கதையோட கணக்கு இல்ல.

எழுதி வச்சதும் அரசியல் வந்து சேர்ந்துச்சு, வராம இருக்குமா? ஸ்டாலின் கடைசி காலத்துல மனாஸ் ஒரு பிற்போக்குக் காவியம், கான்களைப் புகழுதுன்னு கிளப்பிவிட்டாங்க. தாஷிம் பைஜியேவ்னு ஒரு எழுத்தாளர், மனாஸ் ஆராய்ச்சியாளர், அவரைப் பிடிச்சு உள்ள போட்டாங்க, 1952ல கைதி முகாம்லயே செத்துப்போனாரு. அதே 1952ல ஃப்ரூன்சேல, அதாவது இன்னைக்கு பிஷ்கெக், மனாஸ் மக்களோட காவியமா இல்லையான்னு விவாதிக்கவே ஒரு மாநாடு போட்டாங்க. கஜக் எழுத்தாளர் முக்தார் அவுயெசோவ் அங்க எழுந்து நின்னு ஆதரவா பேசினாரு. அப்புறம் 1958ல இருந்து 1960க்குள்ள நாலு புத்தகமா வந்துச்சு, ஆனா பல பேரு பாடினதை வெட்டி ஒட்டித் தைச்ச பதிப்பு. எந்த மனாஸ்சியும் அப்படி ஒரு மனாசைப் பாடினதே கிடையாது.

எல்லைக்கு அந்தப் பக்கம், சீனாவோட சின்ஜியாங்ல ஜுசுப் மமாய்னு ஒரு மனாஸ்சி, 1918ல பொறந்தவரு. அவரு கத்துக்கிட்ட விதமே வேற, அண்ணன் பல்பாய் பாடகர்கள்கிட்ட எழுதி வாங்கி வச்ச நோட்டுகளைப் படிச்சுப் படிச்சு மனசுல ஏத்தினாரு, அதனால மேல நான் மனப்பாடம் இல்லன்னு சொன்னது இவருக்குப் பொருந்தாது. நாப்பது வயசுக்கு முன்னாடி பாடக்கூடாதுன்னு அப்பா கட்டளை வேற. 1960கள்ல அவரைப் பாடச் சொல்லி எழுதினது கலாசாரப் புரட்சியில தொலைஞ்சுபோச்சு, மனுஷன் சளைக்காம அப்புறம் திரும்ப மொதல்ல இருந்து பாடினாரு, மனாஸ்ல இருந்து ஆரம்பிச்சு வாரிசு வாரிசா எட்டுத் தலைமுறைக் கதை, 18 புத்தகம். 2009ல யுனெஸ்கோ பட்டியல்ல மனாஸ் சீனா பேர்ல ஏறிச்சு, கிர்கிஸ்தான்ல நிறைய பேருக்கு அது வயித்தெரிச்சல். அவங்க மூணு பாகத்தையும் சேர்த்து 2013ல தனியா ஏத்தினாங்க. மலைக்கு ரெண்டு பக்கமும் கிர்கிஸ்காரங்க இருக்காங்க, ஜார் ஆட்சிக்கு எதிரா நடந்த 1916 கலவரத்துல ஆயிரக்கணக்கான பேரு அந்த மலையைத் தாண்டி சீனாவுக்கு ஓடினவங்க, கதை எல்லைக் கோட்டைப் பார்த்தா நிக்கும்?

இன்னைக்கும் பாடுறாங்க, ஸ்கூல் பசங்க கூட கல்பாக் தொப்பியும் அங்கியும் போட்டுக்கிட்டு போட்டி மேடையில பாடுறாங்க. அச்சுல இருக்கிற வரியை அப்படியே ஒப்பிக்கிறவங்கதான் ஜாஸ்தின்னு அங்கயே ஒரு குறை இருக்கு, நியாயமான குறைதான்னு நினைக்கிறேன். ஆர்வம் இருக்கிறவங்க 1965ல சயாக்பாயை வச்சு எடுத்த கருப்பு வெள்ளை டாக்குமெண்டரி படம் ஒண்ணு இருக்கு, தேடிப் பாருங்க. மொழி புரியாது, எனக்கும் புரியாது. அவரு கையை மட்டும் கவனிங்க, எப்ப குதிரை ஓடுது, எப்ப கத்தி விழுதுன்னு தெரிஞ்சிடும். வாய்ப்பு குடுத்த நிலையத்துக்கு நன்றி, வர்றேன்.