பானை, ஜாடி, டைல்ஸ்

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். இருபது வருடங்களுக்கும் மேலாக வீடு கட்டிக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். அஸ்திவாரம், கம்பி, கான்கிரீட் பற்றியெல்லாம் வீட்டுக்காரர்கள் அதிகம் கேட்க மாட்டார்கள். பூச்சு வேலை முடிந்து டைல்ஸ் எடுக்கிற நாள் வந்துவிட்டால், குடும்பமே கிளம்பி வந்து கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "செராமிக் போடலாமா, போர்சலின் போடலாமா?" இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

முதலில் உங்கள் சமையலறைக்கே போவோம். மண்பானையில் தண்ணீர் ஊற்றி வைத்தால் கொஞ்ச நேரத்தில் அதன் வெளிப்பக்கம் வேர்த்து நிற்கும். பக்கத்திலேயே ஊறுகாய் ஜாடி இருக்கும். அதற்குள் உப்பும் எண்ணெயும் மாதக்கணக்கில் கிடந்தாலும் வெளியே ஒரு சொட்டுக் கசியாது. பானையும் மண், ஜாடியும் மண். சேர்மானமும் சூளையில் வெந்த சூடும்தான் வேறு. செராமிக் டைல்ஸ் பானைக்குச் சொந்தம்; மேலே மட்டும் கண்ணாடி போன்ற பூச்சு இருக்கும். போர்சலின் ஜாடிக்குச் சொந்தம். பீங்கான் என்று நாம் சொல்வது அதைத்தான்.

போர்சலினில் களிமண்ணோடு ஃபெல்ட்ஸ்பார் என்கிற கனிமத்தையும் குவார்ட்ஸ் பொடியையும் சேர்த்து, பெரிய அழுத்தத்தில் அச்சில் அமுக்கி, 1200 டிகிரி சூட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். அந்தச் சூட்டில் ஃபெல்ட்ஸ்பார் உருகி, மண் துகள்களுக்கு இடையில் இருக்கும் சந்துகளில் புகுந்து, ஆறும்போது கண்ணாடியாக இறுகிவிடும். விட்ரிஃபைடு என்ற பெயரே கண்ணாடியானது என்ற பொருளில் வந்ததுதான். நம் ஊர்க் கடைகளில் போர்சலின் என்று கேட்டால் சிலர் யோசிப்பார்கள். விட்ரிஃபைடு என்று கேளுங்கள், உடனே எடுத்துக் காட்டுவார்கள்.

எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்பதில்தான் கணக்கே இருக்கிறது. நூறு கிராம் எடையுள்ள ஒரு துண்டை எடுத்துக்கொள்வோம். சுவருக்கென்று செய்யும் செராமிக் பத்து கிராமுக்கு மேல் தண்ணீர் குடிக்கும். தரைக்கென்று செய்யும் செராமிக் பொதுவாக 3 முதல் 6 கிராம் வரை குடிக்கும். போர்சலின் அரை கிராமைத் தாண்டக் கூடாது. நல்ல விட்ரிஃபைடு அதற்கும் கீழேதான் நிற்கும்.

இதை நீங்களே கடையில் சோதித்துப் பார்க்கலாம். சாம்பிள் கல்லைத் திருப்பி, முதுகுப் பக்கம் மேலே வருமாறு மேஜையில் வையுங்கள். தண்ணீர் பாட்டில் மூடியிலிருந்து நான்கு சொட்டு விடுங்கள். செராமிக் என்றால் சொட்டு அப்படியே உள்ளே இறங்கி, அந்த இடம் நனைந்த மண்போலக் கருத்துவிடும். விட்ரிஃபைடு என்றால் சொட்டு முத்துமாதிரி நிற்கும். ஐந்து நிமிடம் கழித்துத் துடைத்தால் அடையாளமே இருக்காது. முன்பக்கத்து மினுமினுப்பைப் பார்த்தே விலை பேசுகிறோம். கல்லின் குணம் தெரிவது முதுகில்தான். கடைக்காரர்கள் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், தாராளமாகச் செய்து பாருங்கள்.

கடைகளில் நாம் பார்க்கிற டைல்ஸில் பெரும்பகுதி குஜராத்தில் உள்ள மோர்பியிலிருந்து வருகிறது. அந்த ஒரே ஊரில் உயர்ந்த சரக்கும் உண்டு, மட்டமான சரக்கும் உண்டு. அதனால் பெட்டியைப் படிப்பது நல்லது. நீர் உறிஞ்சும் அளவும், ஐஎஸ் 15622 என்கிற இந்தியத் தர எண்ணும் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, வீட்டுக்குள் வருவோம். ஹாலும் சமையலறையும்தான் அதிகம் நடமாட்டம் உள்ள இடங்கள். வாசலிலிருந்து செருப்போடு ஒட்டி வரும் மணல் சாதாரணமானதில்லை. அது குவார்ட்ஸ், இரும்பைக் கூடக் கீறும். செராமிக்கின் மேற்பூச்சு அந்த மணலில் தேய்ந்தால் அடியில் இருக்கும் மண் நிறம் தெரிய ஆரம்பித்துவிடும். சமையலறையில் குழம்புச் சட்டியோ அம்மிக்குழவியோ கை தவறி விழுந்து ஓரம் பெயர்ந்தாலும் அதே கதைதான். ஆகவே இந்த இரண்டு இடத்துக்கும் விட்ரிஃபைடு போடுங்கள் என்பதுதான் என் கருத்து. அதிலும் டபுள் சார்ஜ் என்ற வகையில் மேலே மூன்று நான்கு மில்லிமீட்டர் ஆழத்துக்கு அதே நிறம் இருக்கும். சின்னதாகப் பெயர்ந்தாலும் கண்ணில் உறுத்தாது. ஜிவிடி, அதாவது கிளேஸ்டு விட்ரிஃபைடு டைல்ஸ் என்று சொல்வது விட்ரிஃபைடு உடம்பின் மேல் படம் அச்சிட்டது. அழகு அதிகம், ஆனால் அந்த அழகு மேல்பூச்சில் மட்டும்தான் இருக்கிறது.

படுக்கையறையில் வெறுங்காலோடுதான் நடக்கிறோம். பணம் கையைக் கடித்தால் அங்கே தரைக்கான செராமிக் தாராளமாகப் போதும். பாத்ரூம் சுவருக்கு நான் எப்போதும் செராமிக்தான் சொல்வேன். எடை குறைவு, வெட்டுவது சுலபம், நன்றாக ஒட்டும். ஆனால் சுவர்க் கல்லை மிச்சம் இருக்கிறதே என்று தரையில் போட்டுவிடாதீர்கள். அது கால் மிதிபடச் செய்த கல் இல்லை.

உங்கள் வீட்டில் ரெட் ஆக்சைடு தரையோ ஆத்தங்குடிக் கல்லோ இன்னும் நன்றாக இருந்தால், பழசாகத் தெரிகிறது என்பதற்காக மட்டும் உடைக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த வேலை தெரிந்த கைகள் இப்போது குறைந்துவிட்டன.

அடுத்து, வழுக்கல். இதை நான் கொஞ்சம் வேதனையோடுதான் சொல்கிறேன். எங்கள் வீட்டு சிட்-அவுட்டுக்கு ஹாலில் போட்ட அதே பாலிஷ் விட்ரிஃபைடைப் போட்டேன். பார்க்க ஒரே தரையாக நீளமாகத் தெரிந்தது. ஒரு ஐப்பசி மழையில் சாரல் அடித்து நனைந்திருந்தது. கொடியில் கிடந்த துணியை எடுக்கப் போன அம்மா வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனது. அதற்கப்புறம் கைத்தடி இல்லாமல் அவரால் நடக்க முடியவில்லை. அந்தக் கல்லைத் தேர்ந்தெடுத்தவன் நான்.

தண்ணீர் குடிக்காத கல்லாக இருந்தால், மேலே விழுந்த தண்ணீர் மேலேயே நிற்கும். அதோடு பாலிஷும் சேர்ந்துவிட்டால் கால் பிடிக்காது. தண்ணீர் படும் எந்த இடத்துக்கும் பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ் கேளுங்கள். வழுக்காத தன்மைக்கு ஆர் 9 முதல் ஆர் 13 வரை ஓர் அளவு உண்டு. ஆர் 9 என்றால் பிடிப்பு குறைவு. பாத்ரூம், சிட்-அவுட், துணி துவைக்கும் இடத்துக்கெல்லாம் ஆர் 10க்குக் கீழே வேண்டாம், 11 கிடைத்தால் இன்னும் நல்லது. பாத்ரூம் தரையில் ஒன்றுக்கு ஒன்று அடிக் கல்லே சிறந்தது. சின்னக் கல்லில்தான் வாட்டம் சரியாகக் கொடுக்க முடியும். இணைப்புகள் அதிகம் இருப்பதால் காலுக்கும் பிடிமானம் கிடைக்கும்.

இனி ஒட்டுகிற விஷயம். இங்கேதான் நல்ல கல்லைக்கூடக் கெடுத்துவிடுகிறோம். செராமிக்கைத் தண்ணீரில் ஊறவைத்து, சிமெண்ட் கலவையில் வைத்தால் முதுகு சிமெண்ட் பாலை உறிஞ்சிக்கொண்டு இறுகப் பிடிக்கும். நம் கொத்தனார்கள் காலங்காலமாகப் பழகிய முறை அது. அதே கை விட்ரிஃபைடுக்கும் அதே மாதிரி செய்கிறது. ஆனால் விட்ரிஃபைடுதான் தண்ணீர் குடிக்காதே, சிமெண்டை எப்படி உள்ளே வாங்கும்? கலவைமேல் சும்மா உட்கார்ந்திருக்கும். இரண்டு வருடம் கழித்துக் காசால் தட்டிப் பாருங்கள், டொக் டொக் என்று உள்ளே காலியாகச் சத்தம் கேட்கும். விட்ரிஃபைடு என்றால் டைல் ஒட்டுவதற்கென்றே மூட்டையில் வரும் பசைக் கலவை, டைல் அட்ஹெஸிவ்தான் போட வேண்டும். பல் வைத்த கரண்டியால் தரையில் சீராக இழுத்து, கல்லின் முதுகிலும் மெல்லிசாகத் தடவி வைக்கச் சொல்லுங்கள். நான்கு மூலையிலும் நான்கு உருண்டை வைத்து அமுக்குவதை அனுமதிக்காதீர்கள். அட்ஹெஸிவ் மூட்டைக்கு ஆகும் செலவு பெரிதாகத் தெரிந்தால், கல்லின் சைஸைக் குறைத்துக்கொள்ளுங்கள், அட்ஹெஸிவில் மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

இடைவெளி விடவும் சொல்லுங்கள். ஒரு உறவினர் வீட்டில் ராத்திரி இரண்டு மணிக்கு வெடிச்சத்தம். சிலிண்டர்தான் வெடித்துவிட்டது என்று பதறி எழுந்திருக்கிறார்கள். போய்ப் பார்த்தால் ஹால் நடுவில் ஒரு வரிசைக் கல் கூடாரம்போலத் தூக்கி நின்றது. சந்தே தெரியக் கூடாது என்று கல்லோடு கல் முட்டவைத்து, சுவரோடும் முட்டவைத்து ஒட்டியிருந்தார்கள். வெயில் காலத்தில் கல் விரியும். விரிய இடமில்லாவிட்டால் மேலேதான் எழும்பும். பிடிப்பும் சரியில்லாத தரை என்றால் கேட்கவே வேண்டாம். செராமிக் வருடக்கணக்கில் ஈரத்தை வாங்கியும் கொஞ்சம் வளரும். கல்லுக்குக் கல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விழ ஸ்பேசர் என்கிற சின்னத் துண்டு வையுங்கள். சுவரோரத்தில் ஒரு விரல் சந்து விடுங்கள், சுவர் அடியில் ஒட்டும் ஸ்கர்ட்டிங் பட்டை அதை மறைத்துவிடும். பாத்ரூமில் கல்லுக்குக் கல் இருக்கும் சந்துகளை எபாக்ஸி என்கிற பிசின் கலவையால் நிரப்பினால், ஆசிட் ஊற்றிக் கழுவினாலும் சீக்கிரம் அரிக்காது. சிமெண்ட் நிரப்பினால் ஆசிட் தின்றுவிடும். ஆசிட்டையே விட்டுவிட்டால் இன்னும் நல்லது.

வாங்கும்போது அளவைவிட ஒன்றிரண்டு பெட்டி கூடுதலாக, ஒரே பேட்ச் எண்ணிலேயே வாங்குங்கள். வந்து இறங்கியதும் நான்கைந்து பெட்டியிலிருந்து ஒவ்வொரு கல்லாக எடுத்து, பகல் வெளிச்சத்தில் வாசலில் பரப்பிப் பாருங்கள். நிறம் மாறியிருந்தால் ஒட்டுவதற்கு முன்னால்தான் திருப்பிக் கொடுக்க முடியும். மிச்சத்தைப் பரணில் போட்டு வையுங்கள். எங்கள் வீட்டு சிட்-அவுட்டைப் பெயர்த்துவிட்டுச் சொரசொரப்பான சாம்பல் நிறக் கல் போட்டோம். அப்போது மிஞ்சிய ஆறு கல் பரணில் இருந்தது. போன வருடம் குழாய் கசிந்து இரண்டு கல்லை உடைக்க வேண்டி வந்தபோது அதிலிருந்துதான் எடுத்து ஒட்டினோம். எந்த இரண்டு புதுசு என்று அம்மா கைத்தடியை ஊன்றி நின்று வெகுநேரம் தேடிப் பார்த்தார், அவருக்குத் தெரியவில்லை.

இவ்வளவு நேரம் கேட்டதற்கு நன்றி. வணக்கம்.