ஒரே ஆல்பம், ஏழெட்டு ரீஇஷ்யூ: எதுக்குக் காசு போடறது? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

வணக்கம். இன்னிக்கு ஒரே ஒரு கேள்விதான் எடுத்திருக்கேன். பதில் கொஞ்சம் நீளும், பரவாயில்ல. கடலூர் மஞ்சக்குப்பத்துலேருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: "அண்ணா, ப்ராக் ராக் எல்பி சேர்க்க ஆரம்பிச்சிருக்கேன். கிங் கிரிம்சன், ஜெத்ரோ டல், யெஸ்னு எதைத் தேடினாலும் ஒரே ஆல்பம் ஏழெட்டு விதமா வருது. ஒரிஜினல்ங்கறாங்க, ரீமாஸ்டர்ங்கறாங்க, ஸ்டீவன் வில்சன் மிக்ஸ்ங்கறாங்க, 180 கிராம்ங்கறாங்க. எதை வாங்கறது? அப்புறம், நம்ம ஊர்ல கவர்ல பூஞ்சை பிடிக்குதே, அதுக்கு என்ன பண்றது?"

புதுசா கேக்கறவங்களுக்கு ஒரு வரி: ப்ராக் ராக்னா நீளமான, சிக்கலான பாட்டுகள் உள்ள ஒரு வகை ராக் இசை, எல்பின்னா பெரிய இசைத்தட்டு, ரீஇஷ்யூன்னா பழைய ஆல்பத்தைத் திரும்பப் போடற பதிப்பு, ஸ்டீவன் வில்சன் பழைய ஆல்பங்களைத் திரும்ப மிக்ஸ் பண்ற இங்கிலாந்து இசைக்கலைஞர். முதல்ல அந்த 180 கிராமை ஓரமா வெச்சிடலாம் தம்பி. அது தட்டோட எடை, அவ்வளவுதான். கையில எடுத்தா திடமா இருக்கும், சந்தோஷமா இருக்கும். ஆனா முள்ளு ஓடற பள்ளம் அதே பள்ளம்தான். சாதாரண சிடிக்குன்னு பண்ணின ஃபைலை எடுத்து 180 கிராம் தட்டுல வெட்டினாலும் ஸ்டிக்கர்ல 180 கிராம்னுதான் போடுவாங்க. அந்த ஸ்டிக்கருக்காகக் கூடுதல் காசு குடுக்காதீங்க.

கேக்க வேண்டியது ரெண்டே விஷயம். இந்தத் தட்டு எந்த டேப்புலேருந்து வந்துது? இதுல இருக்கறது எந்த மிக்ஸ்?

ஸ்டூடியோல ட்ரம்ஸ், பேஸ், குரல் எல்லாம் தனித்தனித் தடத்துல பதிவாகும். அதையெல்லாம் சேர்த்து இடது, வலதுன்னு ரெண்டு சேனலாக்கறது மிக்ஸிங். அந்த ரெண்டு சேனல் டேப்பை எடுத்து, தட்டு வெட்டறதுக்குத் தகுந்த மாதிரி சரி பண்றது மாஸ்டரிங். ரீமாஸ்டர்னா பழைய மிக்ஸ் அப்படியே இருக்கும், மேல தொடச்சு வெளிச்சம் காட்டியிருப்பாங்க. ரீமிக்ஸ்னா அடியிலேருந்து திரும்பக் கட்டினது. ரெண்டும் வேற வேற. கடைக்காரங்களே நிறைய பேர் இதைக் குழப்பிக்கறாங்க.

கிங் கிரிம்சனோட முதல் ஆல்பம் 'இன் தி கோர்ட் ஆஃப் தி கிரிம்சன் கிங்'கையே எடுத்துக்கலாம். 1969 அக்டோபர்ல வந்துது. கவர்ல அலறற அந்த முகத்தை வரைஞ்சவர் பேரி காட்பர். அடுத்த வருஷமே செத்துப் போயிட்டாரு, இருபத்து நாலு வயசுதான். நினைச்சாலே மனசு கஷ்டமா இருக்கு. அந்த ஆல்பத்தைப் பதிவு பண்ணினது எட்டுத் தடத்துல. மெலட்ரான் (டேப்புல பதிஞ்ச வயலின் மாதிரி ஒலிகளை வாசிக்கற கீபோர்டு) அடுக்கு அடுக்கா வேணும், எட்டு பத்தல. அதனால நிரம்பின தடங்களைச் சேர்த்து இன்னொரு டேப்புக்கு மாத்தி, மிச்ச இடத்துல மேல மேல வாசிச்சாங்க. ஒவ்வொரு தடவை மாத்தும்போதும் கொஞ்சம் தெளிவு குறையும். அப்புறம், அந்த ஆல்பத்தோட அசல் ஸ்டீரியோ மாஸ்டர் டேப் ரொம்ப வருஷம் காணாமலே போயிருந்துது. நடுவுல வந்த பதிப்பு பல, நகலோட நகலுலேருந்து போட்டது. 2000க்கு அப்புறம்தான் அசல் டேப் கிடைச்சுது. அதை வெச்சு 2004ல ஒரு பதிப்பு வந்துது. ஒரிஜினல் மிக்ஸ் வேணும், ஆனா 1969ல ஐலண்ட் கம்பெனி பிங்க் லேபிளோட போட்ட முதல் பதிப்புக்குக் காசு இல்லைன்னா, 2004க்கு முந்தி வந்த ரீஇஷ்யூ எதையும் வாங்காதீங்க.

2009ல ஸ்டீவன் வில்சனும் கிரிம்சன் கிட்டாரிஸ்ட் ராபர்ட் ஃப்ரிப்பும் சேர்ந்து பண்ணினது ரீமிக்ஸ். டேப்பு மாத்தறதுக்கு முன்னாடி இருந்த முதல் தலைமுறைப் பதிவுகளுக்கே போனாங்க. மெலட்ரான் கேட்டீங்கன்னா புல்லரிக்கும். ஆனா 'மூன்சைல்ட்' பாட்டோட பின்பாதி வாசிப்புல சுமார் மூணு நிமிஷத்தை அந்த மிக்ஸ்ல வெட்டிட்டாங்க. எனக்கு அந்த மூணு நிமிஷம் வேணும். சும்மா டிங் டிங்னு தட்டறாங்கன்னு சொல்றவங்க உண்டு. எனக்கு அந்த ஆல்பம் மூச்சு வாங்கற இடமே அதுதான். அதனால இந்த ஒரு ஆல்பத்துக்கு ரெண்டு மிக்ஸும் வெச்சிருக்கறது தப்பே இல்ல.

ஜெத்ரோ டல்லோட 'அக்வாலங்' அப்படியில்ல. 1971ல ஐலண்டோட புது ஸ்டூடியோல பண்ணினது. சவுண்டு சரியா வரலைன்னு பேண்டுக்கே மனக்குறை. பழைய தட்டைப் போட்டா போர்வை போத்தி வாசிக்கற மாதிரிதான் இருக்கும். 2011ல வில்சன் பண்ணின மிக்ஸ்ல கிட்டாரும் புல்லாங்குழலும் தனித்தனியா எழுந்து நிக்குது. இங்க நான் யோசிக்காமச் சொல்லுவேன், புதுசையே வாங்குங்க. ஒரிஜினல் வேணும்னா அலமாரியில வெச்சு அழகு பார்க்கத்தான்.

எல்லா ஆல்பத்துக்கும் ரீமிக்ஸ் வரவும் வராது. ஜென்டில் ஜெயன்ட்டோட முதல் மூணு ஆல்பத்துல சில பாட்டுக்குத்தான் தனித்தட டேப் மிஞ்சியிருந்துது. அதனால 2017ல வந்த தொகுப்புல அந்தப் பாட்டுகளை மட்டும் ரீமிக்ஸ் பண்ணினாங்க. முழு ஆல்பம் வேணும்னா பழைய மிக்ஸ்தான்.

புது ஆளுங்க விஷயம் சுலபம். போர்குபைன் ட்ரீயோட 'இன் ஆப்சென்ஷியா' 2002ல வந்தது. அதுக்கெல்லாம் முதல் பிரஸ்ஸிங் (முதல் தடவை அடிச்ச தட்டு) வேணும்னு அலைய வேண்டாம். ரெண்டு தட்டா பிரிச்சுப் போட்டிருக்காங்களான்னு மட்டும் பாருங்க. ஒரு பக்கத்துல நேரம் கூடக்கூட பள்ளத்தை நெருக்கி, சத்தத்தைக் குறைச்சுத்தான் வெட்ட முடியும். ஜெனசிஸோட 'ஃபாக்ஸ்ட்ராட்'ல அந்தக் கடைசிப் பாட்டு மட்டுமே 23 நிமிஷம். உச்சக்கட்டம் வர்றது தட்டோட உள்வட்டத்துல, முள்ளு ரொம்பத் திணறற இடத்துல. உங்க முள்ளு தேஞ்சிருந்தா அங்கதான் முதல்ல காட்டிக்குடுக்கும்.

இப்ப தட்டைப் பார்க்கறது எப்படின்னு காட்டறேன். கேமராவைக் கிட்ட கொண்டாங்க. இது பிங்க் ஃபிளாய்டோட 1973 ஆல்பம், 'டார்க் சைட்'. லேபிளுக்கும் கடைசிப் பாட்டுக்கும் நடுவுல பளபளன்னு வெறும் இடம் இருக்கு பாருங்க. டியூப் லைட்டுக்கு நேரா இப்படிச் சாய்ச்சா, பொடி எழுத்து தெரியும். இதுதான் மேட்ரிக்ஸ் எண். இங்கிலாந்தோட முதல் பதிப்புன்னா எஸ்ஹெச்விஎல் 804, ஏ-2, பி-2ன்னு இருக்கும், லேபிள்ல முழுசா நிரப்பின நீல முக்கோணம் இருக்கும். கவரை மாத்தி வெச்சு விக்கலாம், லேபிள் ஃபோட்டோவைக் கூட எங்கேருந்தாவது எடுத்துப் போடலாம். அதனால விக்கறவங்ககிட்ட இந்த எழுத்தோட ஃபோட்டோவைத் தனியா கேளுங்க. டிஸ்காக்ஸ்ங்கற இசைத்தட்டு விவர வெப்சைட்ல தேடி ஒத்துப் பாருங்க. ஃபோட்டோ அனுப்ப மாட்டேன்னா விட்டுடுங்க.

கொல்கத்தா தம்தம்ல நம்ம கிராமபோன் கம்பெனி அடிச்ச ஃபிளாய்டு தட்டு இன்னும் கிடைக்குது. இங்க புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்ல பழைய சாமான் விரிச்சிருப்பாங்க இல்ல, அங்க பழைய தட்டு கண்ணுல பட்டா நின்னு பாருங்க. ஒண்ணு சொல்லணும், புதுச்சேரிக்காரங்களுக்கு ஒரு கொடுப்பினை இருக்கு. நிறைய சொல்தா (பிரெஞ்சு ராணுவத்துல இருந்தவங்க) குடும்பத்துல சொந்தக்காரங்க பிரான்ஸ்ல இருக்காங்க. ஊருக்கு வரும்போது சென்ட்டும் சாக்லேட்டும் கேக்கறதுக்குப் பதிலா, பிரெஞ்சு ப்ராக் பேண்டுகளான ஆஞ்சோட 1974 ஆல்பத்தையோ மாக்மாவோட 1973 ஆல்பத்தையோ கேளுங்க. அங்க இதெல்லாம் சாதாரணமாக் கிடைக்கும். மாக்மா பாடறது அந்த பேண்டோட தலைவர் கிறிஸ்டியான் வாந்தேர் உருவாக்கின மொழி, கொபாயியன். பிரெஞ்சு தெரிஞ்சாலும் புரியாது. ஆனா ஆஞ்ச் பாடறது பிரெஞ்சுலதான், வீட்ல பிரெஞ்சு பேசற பெரியவங்க இருந்தா உக்கார வெச்சு அர்த்தம் கேளுங்க.

சரி, பூஞ்சை. கடல் காத்து, மழைக்கால ஈரம், ரெண்டும் சேர்ந்தா கவர் அட்டைதான் முதல் பலி. ஈரத்துணியால துடைக்கவே துடைக்காதீங்க, அட்டைக்குள்ள இறங்கிடும். காஞ்ச மெல்லிசான பிரஷ்ஷால வாசல்ல வெச்சுத் தட்டி எடுங்க, மூக்குல துணி கட்டிக்குங்க. நிழல்ல காத்தாட வைங்க. வெயில்ல தட்டை வெச்சா அப்பளமா வளைஞ்சு போகும். தட்டு மேலயே பூஞ்சை இருந்தா டிஸ்டில்டு வாட்டர், ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவற லிக்விட், மைக்ரோஃபைபர் துணி. பள்ளம் ஓடற திசையில வட்டமா துடைச்சு, வெறும் டிஸ்டில்டு வாட்டரால இன்னொரு தடவை. லேபிள் நனையக் கூடாது. பழைய பிவிசி உறையைத் தூக்கிப் போட்டுடுங்க, அது வருஷக்கணக்குல தட்டு மேல மங்கலா படலம் விடும். பாலித்தீன் உறை போதும்.

நிக்க வெச்சு அடுக்குங்க, சுவத்தை ஒட்டாம. கீழ்த்தட்டுல மட்டும் வேண்டாம். 2011ல தானே புயல், 2024ல ஃபெஞ்சல் புயல், ரெண்டுலயும் நம்ம ரெண்டு ஊர்லயும் தண்ணி எங்க வந்துதுன்னு உங்களுக்கே தெரியும். முட்டி உயரத்துக்கு மேலதான் முதல் அடுக்கு.

தம்பி, முதல்ல 'அக்வாலங்' வில்சன் மிக்ஸ் வாங்குங்க. அடுத்தது கிரிம்சன். மேட்ரிக்ஸ் எண்ல சந்தேகம் வந்தா ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க, பார்த்துச் சொல்றேன்.