'பாம் பாம்' பாடியவர் ஏன் வங்கி வேலைக்குப் போனார்?

சரி, அடுத்த கேள்வி. ஜமைக்காவின் ரெகே இசை பற்றிய வீடியோவில், 'பாம் பாம்' பாடிய ஜமைக்கப் பாடகி சிஸ்டர் நான்சி அமெரிக்காவில் ஒரு வங்கியில் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தவர் என்று போகிறபோக்கில் சொல்லியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு நண்பர் கேட்கிறார்: "'பாம் பாம்' பாட்டைப் படத்திலும் விளம்பரத்திலும் கேட்டிருக்கிறேன். இவ்வளவு ஓடிய பாட்டைப் பாடியவர் எதற்கு வங்கி வேலைக்குப் போனார்? பணத்தைத் தொலைத்துவிட்டாரா, இல்லை ஒரே பாட்டோடு சரக்கு தீர்ந்துவிட்டதா?"

தொலைப்பதற்கு முதலில் பணம் கைக்கு வந்திருக்க வேண்டுமே. அதுதான் வரவில்லை. சரக்கு விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

1982, ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டன். நான்சிக்கு இருபது வயது. வின்ஸ்டன் ரைலி என்ற தயாரிப்பாளருக்காக 'ஒன், டூ' என்ற ஆல்பம் பதிவாகிறது. நான்சியே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்: பத்துப் பாட்டு வேண்டும், ஒன்று குறைந்தது, கடைசியாக நின்ற இடத்திலேயே கட்டியதுதான் 'பாம் பாம்'. எழுதி வைத்துக்கொண்டு வந்து பாடியதில்லை. அதற்கு அவருக்குப் பழக்கமும் இருந்தது. அவர் ஒரு டீஜே. நம் ஊரில் டீஜே என்றால் கல்யாண வரவேற்பில் பாட்டுப் போடுகிறவர். ஜமைக்காவில் இசைத்தட்டு போடுகிறவரை செலக்டர் என்பார்கள். ஓடும் இசையின்மேல் மைக்கைப் பிடித்துத் தாளத்தோடு வார்த்தை கட்டுகிறவர்தான் டீஜே. நான்சியின் அண்ணன் பிரிகேடியர் ஜெரியும் பெயர் பெற்ற டீஜே. பெரிய ஸ்பீக்கர்களை அடுக்கித் தெருவில் நடத்தும் சவுண்ட் சிஸ்டம் கூட்டங்களில் தேறி வந்த குடும்பம் அது.

இன்னொன்று கவனியுங்கள். அன்றைக்கு நான்சிக்காகப் புதிதாக யாரும் இசையமைக்கவில்லை. பின்னால் ஓடுவது 'ஸ்டாலக் 17' என்ற பழைய வாத்திய இசை. 1970-களின் முதல் பாதியில் ஆன்செல் காலின்ஸ் பெயரில் ரைலியே வெளியிட்டது. இப்படித் திரும்பத் திரும்பப் பயன்படும் அடித்தளத்தை அங்கே 'ரிதிம்' என்கிறார்கள். காவடிச்சிந்து மெட்டை எடுத்துக்கொண்டு ஆளாளுக்கு வேறு வார்த்தை போட்டுப் பாடுவார்களே, கிட்டத்தட்ட அது மாதிரி. என்ன, இங்கே மெட்டோடு சேர்த்து ஒலிநாடாவே இரவல். 'பாம் பாம்' என்ற அந்தப் பல்லவியும் புதிது கிடையாது. 1966-இல் ஜமைக்காவின் சுதந்திர விழாப் பாட்டுப் போட்டியில் டூட்ஸ் ஹிபர்ட்டின் மேட்டல்ஸ் குழு முதல் பரிசு வாங்கிய பாட்டிலிருந்து வந்தது. ஆக ஒரே பாட்டுக்குள் 1966-இன் பல்லவி, எழுபதுகளின் அடித்தளம், 1982-இல் ஒரு பெண் சேர்த்த வரிகள் என்று மூன்று பேர் வீட்டுச் சொத்து இருக்கிறது.

இப்போது பணத்துக்கு வருவோம். கிங்ஸ்டன் ஸ்டூடியோக்களில் அன்று நடந்தது கிட்டத்தட்டக் கூலி முறை. பாடினாயா, இந்தா இவ்வளவு, முடிந்தது. நாடா தயாரிப்பாளரின் அலமாரிக்குப் போகும். தட்டின் லேபிளில் யார் பெயர் வர வேண்டும், பாட்டை எழுதியது யார் என்று பதிவு செய்வது எல்லாம் அவர் கையில். பாடகரிடம் பெரும்பாலும் ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது. சட்டத்தைப் பார்த்தால், 1993-இல் சொந்தமாகப் பதிப்புரிமைச் சட்டம் வரும்வரை அங்கே ஓடிக்கொண்டிருந்தது பிரிட்டிஷ் காலத்து 1911-ஆம் ஆண்டுச் சட்டம்.

தயாரிப்பாளர் எல்லோரும் வில்லன் என்று நான் சொல்ல மாட்டேன். ஸ்டூடியோ வாடகை, வாத்தியக்காரர்களுக்குக் காசு, தட்டு அடிக்கும் செலவு எல்லாம் அவர் தலையில்தான். பத்துத் தட்டில் ஒன்று ஓடினால் அதிகம். ஆனால் அந்த ஒன்று முப்பது வருடம் ஓடும்போதும் முதல் நாள் கூலியோடு கணக்கை முடிப்பது எந்த ஊர் நியாயம்?

நான்சி 1996-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சிக்குக் குடிபெயர்ந்தார். வங்கி வேலை அங்கேதான். 1998-இல் 'பெல்லி' என்ற படம் வருகிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போது திரையில் தன் குரலே கேட்கிறது! பாட்டு இவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அவருக்கே அப்போதுதான் உறைத்தது. அப்புறமும் பதினாறு வருடம் சும்மாதான் இருந்தார். 2014-இல் டிவியில் ரீபாக் ஷூ விளம்பரம் ஒன்று அதே பாட்டோடு ஓட, அதற்கு மேல் பொறுக்கவில்லை. வக்கீலைப் பார்த்தார். பேச்சுவார்த்தை முடிந்து பாட்டில் பாதி உரிமை அவருக்கு வந்தது. பாடி 32 வருடம் கழித்து! ரைலி அதற்கு இரண்டு வருடம் முன்பே இறந்துவிட்டிருந்தார். அதன் பிறகு நான்சி வங்கி வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக மேடைக்குத் திரும்பினார். 2016-இல் கான்யே வெஸ்ட், 2017-இல் ஜே-ஸீ என்று ராப் இசையின் பெரிய கைகள் அந்தப் பாட்டை எடுத்தபோது அவர் பெயர் காகிதத்தில் இருந்தது.

வங்கி என்றதும் இன்னொருவர் நினைவுக்கு வருகிறார். ஃபிலிஸ் டில்லன். ரெகேவுக்குச் சற்று முந்திய ராக்ஸ்டெடி இசைக் காலத்தின் மிக அழகான குரல்களில் ஒன்று, என் கணக்கில் முதல் குரல். 1967 முடியும்போது நியூயார்க் போய் வங்கி வேலையில் சேர்ந்தார். லீவு போட்டுவிட்டு ஜமைக்கா வருவார், தயாரிப்பாளர் டியூக் ரீட்டின் ட்ரெஷர் ஐல் ஸ்டூடியோவில் பாடிக்கொடுப்பார், திரும்பப் போய் மேஜையில் உட்காருவார். 1971-ஓடு அதையும் நிறுத்திக்கொண்டார். டான் பென் என்ற பாடகியின் கதையும் இந்த வகைதான். பதின்ம வயதில், 1967-இல், கிங்ஸ்டனின் 'ஸ்டூடியோ ஒன்' நிறுவனத்துக்காக 'யூ டோன்ட் லவ் மீ' பாடினார். வெறுத்துப்போய் 1970 வாக்கில் ஜமைக்காவை விட்டே வர்ஜின் தீவுகளுக்குப் போனார், 1987-இல்தான் திரும்பினார். அதே பாட்டை மறுபடி பாடி 1994-இல் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் மூன்றாம் இடம் பிடித்தார்.

"ஜமைக்கா சின்ன நாடு, அப்படித்தான் இருக்கும், அமெரிக்காவில் சட்டம் கறாராக இருக்குமே" என்று நினைப்பீர்கள். அதற்கு சில் ஜான்சனைக் கேட்க வேண்டும். அமெரிக்கக் கறுப்பர்களின் சோல் இசையில் சிகாகோவின் பாடகர். 1967-இல் 'டிஃபரன்ட் ஸ்ட்ரோக்ஸ்', 1969-இல் 'இஸ் இட் பிகாஸ் ஐம் பிளாக்'. அப்புறம் மெம்ஃபிஸ் நகரின் ஹை ரெக்கார்ட்ஸ் நிறுவனத்துக்குப் போனார். அங்கே ஏற்கெனவே பெரிய சோல் நட்சத்திரம் அல் கிரீன் இருந்தார். ஆலமரத்துக்குக் கீழே வேறு எது வளரும்? எண்பதுகளில் ஜான்சன் சிகாகோவில் மீன் உணவுக்கடைகள் நடத்தினார். அந்த நேரத்தில்தான் ஹிப்-ஹாப்காரர்கள் பழைய தட்டுகளிலிருந்து துண்டு துண்டாக வெட்டித் தங்கள் பாட்டில் ஒட்ட ஆரம்பித்தார்கள். 'டிஃபரன்ட் ஸ்ட்ரோக்ஸ்' டிரம்ஸைக் கணக்கில்லாமல் வெட்டினார்கள். ஜான்சன் மற்றவர்கள் மாதிரி இல்லை, யார் எடுத்தாலும் துரத்தினார். வு-டாங் கிளான் என்ற ஹிப்-ஹாப் குழு பணம் கொடுத்தது. ஜே-ஸீ, கான்யே வெஸ்ட் பேரில் போட்ட வழக்கு 2012-இல் சமரசமானது.

ஆனால் ஒரு வழக்கில் மாட்டிக்கொண்டார். சைப்ரஸ் ஹில் என்ற ஹிப்-ஹாப் குழு தன் 1969 பாட்டை எடுத்துவிட்டது என்று வழக்குப் போட்டார். அமெரிக்க மத்தியச் சட்டத்தின் பாதுகாப்பு 1972 பிப்ரவரி 15 முதல் பதிவான ஒலிகளுக்குத்தான், அதற்கு முந்தியவை அதில் வராது என்று 2011-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. யோசித்துப் பாருங்கள், சோல் இசையின் பொற்காலமே அந்தத் தேதிக்கு முன்னால்தான்! இந்த ஓட்டையை 2018-இல்தான் புதுச் சட்டம் போட்டு ஓரளவு அடைத்தார்கள். ஜான்சன் 2022-இல் இறந்தார்.

இப்போது சரக்கு. பெட்டி லவெட் என்று டெட்ராய்டில் வளர்ந்த பாடகி. பதினாறு வயதில், 1962-இல், முதல் தட்டே ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் ப்ளூஸ்) இசையின் விற்பனைப் பட்டியலில் முதல் பத்துக்குள் வந்தது. பத்து வருடம் கழித்து அட்லாண்டிக் நிறுவனத்துக்காக அலபாமாவின் மசில் ஷோல்ஸ் ஊரில் ஒரு முழு ஆல்பம் பாடினார். வேலை முடிந்தது, ஆனால் நிறுவனம் அதை வெளியிடவே இல்லை. நாடா அலமாரியிலேயே கிடந்தது. ஜீல் பெதார் என்ற பிரெஞ்சு சேகரிப்பாளர் தேடி எடுத்து 2000-இல் வெளியிட்டார். 28 வருடம்! அதைக் கேட்டவர்கள் விழித்துக்கொண்டார்கள். 2008 டிசம்பரில் வாஷிங்டனில் கலைஞர்களைக் கௌரவிக்கும் கென்னடி சென்டர் விழாவில், பிரிட்டிஷ் ராக் குழுவான தி ஹூவின் பீட் டவுன்ஷெண்டும் ராஜர் டால்ட்ரியும் மேலே மாடத்தில் உட்கார்ந்திருக்க, அவர்கள் பாட்டையே அவர்கள் முன்னால் பாடினார். வயது 62. அந்த வீடியோ கிடைக்கும், டவுன்ஷெண்டின் முகத்தை மட்டும் பாருங்கள். சரக்கு தீர்ந்ததா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்காது.

எங்கே தொடங்கிக் கேட்பது என்றும் அதே நண்பர் கடைசியில் கேட்டிருக்கிறார். முதலில் மேட்டல்ஸின் 1966 'பாம் பாம்'. அடுத்து வார்த்தையில்லாத 'ஸ்டாலக் 17'. ஹெட்போன் போட்டு, பேஸ் கிட்டார் மனப்பாடம் ஆகும்வரை இரண்டு தடவை. அதன் பிறகு நான்சி. பல்லவியும் பேஸும் ஏற்கெனவே தெரிந்திருக்கும், மிச்சம் இருப்பது அத்தனையும் அந்த இருபது வயதுப் பெண் அன்றைக்குக் கொண்டுவந்தது.