பந்துக்காரன்

நேயர்களுக்கு வணக்கம்.

இன்றைக்குக் காலை கடலூரில் பஸ் ஏறி, ஆல்பேட்டையில் பெண்ணையாற்றைத் தாண்டி, முள்ளோடை, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று நிறுத்தம் நிறுத்தமாக எண்ணிக்கொண்டே புதுச்சேரி வந்து சேர்ந்தேன். இதே பாதையில், பழைய துண்டில் சுற்றிய பந்தை மடியில் வைத்துக்கொண்டு, எத்தனை ஞாயிற்றுக்கிழமை வந்திருப்பேன் என்று கணக்கில்லை. கூட வந்தவர்களில் இரண்டு பேர் திரும்பும்போது புதுச்சேரி எல்லையில் இருக்கிற முள்ளோடையில் "அஞ்சு நிமிஷம்" என்று இறங்கிவிடுவார்கள். எதற்கு என்று கடலூர்க்காரர்களுக்குத் தெரியும். மீதி ஒன்பது பேர் ஊர் போய்ச் சேருவோம்.

கால்பந்து ஆடிய நாட்களைப் பற்றிப் பேசுங்கள் என்று இந்த வானொலி நிலையத்தில் கேட்டார்கள். ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். நான் நல்ல ஆட்டக்காரன் இல்லை. இடது பேக். 1974-இல் இருந்து 1985 வரை பதினோரு வருடம் ஆடி நான் போட்ட கோல் ஒன்றே ஒன்று. அதுவும் கார்னரில் யாரோ அடித்த பந்து என் முழங்காலில் பட்டு உள்ளே போனது. இப்படிப்பட்டவனைப் பதினோரு வருடம் ஏன் வைத்திருந்தார்கள்? பந்து என் வீட்டில் இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

இப்போது கடையில் வாங்குகிற பந்துக்குக் காற்றடித்தால் போதும். அன்றைக்கு எங்களிடம் இருந்தது நாடா கட்டுகிற தோல் பந்து. உள்ளே ஒரு ரப்பர் பிளாடர். அதற்கு விரல் நீளத்தில் ஒரு குழாய். சைக்கிள் பம்பில் காற்றடித்து, குழாயை மடக்கி நூலால் இறுக்கிக் கட்டி, தோலுக்குள் திணித்து, அதன் மேல் தோல் நாடாவைக் குத்தூசியால் கோத்து இழுக்க வேண்டும். நாடா துருத்திக்கொண்டு நின்றால் தலையால் முட்டுகிறவன் நெற்றியில் அச்சு விழும். எங்கள் சென்டர் ஹாஃப் அண்ணனுக்கு மார்கழி முழுக்க நெற்றியில் நாமம் மாதிரி ஒரு கோடு இருக்கும். "பெருமாள் வர்றார் வழி விடு" என்று கிண்டல் செய்வார்கள்.

மழையில் ஆடினால் தோல் தண்ணீரைக் குடித்துவிடும். ஆட்டம் தொடங்கும்போது பந்தின் எடை 410 கிராமுக்குக் குறையக் கூடாது, 450 கிராமைத் தாண்டக் கூடாது என்கிறது விதி. "தொடங்கும்போது" என்ற அந்தச் சொல்லை எழுதியவர் ஐப்பசி மழையில் எங்கள் கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தைப் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். இடைவேளைக்குள் பந்து பூசணிக்காய் ஆகிவிடும். வெறுங்காலில் அதை அடித்துப் பார்த்தால் தெரியும். ஆமாம், எங்களில் பாதிப் பேருக்கு பூட் கிடையாது. கணுக்காலுக்கு ஆங்க்லெட், அது இல்லாதவனுக்குக் கிழித்த வேட்டித் துணி.

ஆட்டம் முடிந்ததும் பந்தைத் துடைத்து நிழலில் உலர்த்தி, தையல் பிரிந்திருந்தால் செருப்பு தைக்கும் பெரியவரிடம் கொண்டுபோய் மெழுகு நூலால் தைத்து வாங்குவேன். பிறகு தேங்காய் எண்ணெய். அம்மா தலைக்கு வைத்திருக்கும் எண்ணெயைத் திருடித் தோல் மினுமினுக்கிற வரை தேய்ப்பேன். "பந்துக்காரன் கையில பந்து கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கு" என்பார்கள். அதைக் கேட்பதற்காகவே இன்னும் கொஞ்சம் எண்ணெய்.

எங்கள் சென்டர் ஃபார்வர்டு தேவனாம்பட்டினத்துக்காரர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். கடற்கரை மணலில் ஓடி ஓடிக் கால் கெட்டிப்பட்ட ஆள். விடியற்காலையில் கட்டுமரத்தில் போய்விட்டு வந்து, மதியம் தூங்கி, சாயங்காலம் மைதானத்துக்கு வருவார். டாஸ் ஜெயித்தால் கேப்டன் இவர் முகத்தைப் பார்ப்பார். இவர் நாணயத்தைப் பார்க்க மாட்டார். மைதானத்தின் ஓரத்துத் தென்னை மட்டையைப் பார்ப்பார். "இப்ப கச்சான் காத்து. இன்னும் அரை மணியில கடக்காத்து ஏறிடும். மொதல்ல அந்தப் பக்கம் நில்லு." சொன்ன மாதிரியே மேற்குக் காற்று அடங்கிக் கடல் பக்கத்திலிருந்து காற்று திரும்பும். முதல் பாதியிலும் காற்று எங்கள் முதுகில், இரண்டாம் பாதியிலும் எங்கள் முதுகில். எதிராளிகள் இதைத் தந்திரம் என்றுகூட நினைக்கவில்லை. அதிர்ஷ்டம் என்றே நினைத்தார்கள்.

1979-இல் இங்கே உப்பளம் பக்கம் ஒரு மைதானத்தில் ஆட்டம். புதுச்சேரி டீமில் எல்லாருக்கும் பூட், ஒரே நிறச் சட்டை. கோட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு ஒரு சொல்தா உட்கார்ந்திருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். எங்கள் கால்களைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "நாப்பத்தெட்டுல லண்டன் ஒலிம்பிக்ஸ்லயும் இப்பிடித்தான் வெறுங்காலோட வந்தாங்க உங்க ஆளுங்க. ரெண்டு பெனால்டிய வுட்டாங்க. ரெண்டுக்கு ஒண்ணுல நாங்க ஜெயிச்சோம்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. 1948 ஜூலை 31 அன்று இந்தியா பிரான்சிடம் 2-1 என்று தோற்றது. கிடைத்த இரண்டு பெனால்டியும் வீணானது. பிரான்சின் இரண்டாவது கோல் ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் விழுந்தது. எங்கள் சென்டர் ஃபார்வர்டுக்கு அந்த "நாங்க"தான் பொறுக்கவில்லை. "பெரிசு, நீ எந்த ஊரு?" என்றார். "குருசுக்குப்பம்" என்றார் சொல்தா, கொஞ்சமும் கூச்சப்படாமல். 1948-இல் குருசுக்குப்பம் பிரான்சின் கொடியின் கீழ் இருந்தது உண்மைதானே, என்ன சொல்ல முடியும்?

அன்றைக்கு ஆடியது அவர்களுடைய பந்து. ஆட்டம் முடிய ஏழெட்டு நிமிடம் இருக்கும்போது, 1-0 என்று நாங்கள் பின்தங்கியிருந்த நேரத்தில், யாரோ எற்றிய எற்றில் அது ஓரத்து வாய்க்காலில் விழுந்துவிட்டது. நடுவர் எங்கள் பந்தைக் கேட்டார். என் வயிறு கலங்கியது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

எங்கள் பந்து உள்ளே போன மூன்றாவது நிமிடம், வலது பக்கத்திலிருந்து கிராஸ் வந்தது. சென்டர் ஃபார்வர்டு அதை நெஞ்சில் வாங்கி, தரையில் விழவிடாமல் வெறுங்காலால் அடித்தார். அப்படி ஒரு அடியை அதற்குப் பிறகு நான் நேரில் பார்த்ததில்லை. பந்து கோல்கீப்பரின் கைக்கு மேலே போய்க்கொண்டிருக்கும்போதே 'டப்' என்று ஒரு சத்தம். பாதி வழியில் அது சுருங்கிப்போய், சுட்ட அப்பளம் மாதிரி கோட்டைத் தாண்டி விழுந்தது.

நடுவர் விசில் ஊதினார். பந்து பழுதாகிவிட்டால் அந்த இடத்திலேயே ஆட்டம் நின்றுவிட்டது என்பது விதி. கோல் இல்லை, வேறு பந்தை டிராப் செய்து ஆரம்பிக்க வேண்டும். எங்கள் ஆட்கள் சண்டைக்குப் போனார்கள். நடுவர் சொன்னதுதான் சரி. வாய்க்காலில் விழுந்த பந்தை யாரோ எடுத்துக் கழுவிக்கொண்டு வந்தார்கள். 1-0 என்றே தோற்றோம். பஸ்ஸில் யாரும் பேசவில்லை. அன்றைக்கு முள்ளோடையில் ஐந்து பேர் இறங்கினார்கள்.

இப்போது வயிறு கலங்கிய கதை. ஆட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் பிளாடரில் காற்று நிற்கவில்லை. திருப்பாதிரிப்புலியூரில் சைக்கிள் கடைக்குக் கொண்டுபோனேன். அவர் தண்ணீரில் அமுக்கி ஓட்டையைக் கண்டுபிடித்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி ஒட்டுப் போட்டார். ஒட்டு நழுவியது. பிளாடரை மோந்து பார்த்தார். "தம்பி, இதுல எண்ணெய் எறங்கியிருக்கு. ரப்பருக்கு எண்ணெய் ஆகாது, ஊறிப் பிசுபிசுத்துப் போயிடும். புதுசு வாங்கிடு" என்றார். நான் தேய்த்த தேங்காய் எண்ணெய்தான் தையல் வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது. புது பிளாடருக்கு டீம் பணம் என் சட்டைப் பையில் இருந்தது. ஆனால் வெளியூரில் உள்ளூர் பந்தில்தான் ஆடுவார்கள், நம்முடையது சும்மா வந்து போகப்போகிறது என்று நினைத்தேன். எப்படியோ ஒட்டி வாங்கிக்கொண்டு, மிச்சக் காசில் பஸ் ஸ்டாண்டு பக்கம் முட்டை பரோட்டா தின்றேன். இரண்டு.

"பிளாடர் கம்பெனி சரியில்ல" என்று மற்றவர்கள் சொன்னபோது நானும் தலையாட்டினேன். அதன் பிறகும் ஆறு வருடம் பந்து என் வீட்டில்தான் இருந்தது.

இப்போது சாயங்காலம் கடலூர் அண்ணா விளையாட்டு அரங்கத்துக்குப் போனால் பெண் பிள்ளைகள் ஆடுவதைப் பார்க்கலாம். இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்ப் பெண். 2018-இல் மணிப்பூரை வென்று தேசியப் பட்டத்தை முதல் தடவையாக வாங்கியது தமிழ்நாட்டுப் பெண்கள் அணி. அரங்கத்தில் பிள்ளைகள் ஒரு வலைப்பை நிறையப் பந்து கொண்டுவருகிறார்கள். நாடா இல்லை, எண்ணெய் இல்லை. என்னைப் போன்ற ஆளுக்கு அந்த டீமில் இடமே கிடைத்திருக்காது.

சென்டர் ஃபார்வர்டு அண்ணன் இன்னும் தேவனாம்பட்டினத்தில்தான் இருக்கிறார். 2004 டிசம்பர் 26-இல் அலை வந்தபோது படகும் வலையும் போயின, குடும்பம் தப்பியது. பார்க்கப் போனேன். மணலில் உட்கார்ந்து வெகுநேரம் பேசவில்லை. பிறகு அவராகவே, "அன்னிக்கி அது கோலுதாண்டா" என்றார். அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வயதாகி அவர் கடலுக்குப் போவதில்லை. மகனுடைய வலையை விரித்துப்போட்டு அறுந்த கண்களைப் பின்னிக்கொண்டிருப்பார். பக்கத்துக் கம்பத்தில் ரேடியோ தொங்கும். இந்த நிலையத்தைத்தான் வைத்திருப்பார், வேறு எதுவும் அவருக்குப் பிடிக்காது. நான் பேசப்போகிறேன் என்று நேற்றே போன் செய்து சொல்லியிருக்கிறேன். என்ன பேசப்போகிறேன் என்று சொல்லவில்லை.

அண்ணே, ரெண்டு முட்டை பரோட்டா. நாளைக்கு சாயங்காலம் வாங்கிக்கொண்டு வருகிறேன். திட்டுவதை அப்போது வைத்துக்கொள்ளுங்கள்.

வணக்கம்.